பேய்க்குக் கண் திறந்தவர்

பேய்க்கு முகம் வரையக் கூடாது. இதை நான் எந்த ஓவியக் கல்லூரியிலும் படிக்கவில்லை. பதினான்கு வருடம் பேய் வரைந்து வரைந்து நானே கற்றுக்கொண்டது. முகத்தை வரைந்துவிட்டால் பார்க்கிறவனுக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். ஓகோ, இவ்வளவுதானா என்று பக்கத்தைப் புரட்டிவிடுவான். முதுகை வரைய வேண்டும். அவிழ்ந்த கூந்தலை வரைய வேண்டும். தரையில் படாத பாதத்தை, அதிலும் ஒரு பாதத்தை மட்டும், வரைய வேண்டும். மிச்சத்தை அவனே வரைந்துகொள்வான். அவன் வீட்டில் யார் யார் செத்திருக்கிறார்கள் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

பேய்க்கு ஏன் வெள்ளைச் சேலை என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் கணக்கு ரொம்ப எளிது. மட்டமான தாளில் கறுப்பு மையால் அச்சடிக்கிறவனுக்குச் சேலைக்கு நிறம் எங்கே இருக்கிறது? சுற்றிலும் இருட்டைப் பூசிவிட்டு நடுவில் தாளை வெறுமனே விட்டால் சேலை ஆகிவிடும். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை வேதம் படிக்கப் போகும் எங்கள் ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் ஒரு படம் தொங்கும். நரகத்துக்குப் போகும் அகலமான சாலை, அதன் முடிவில் தீ, தீக்குப் பக்கத்தில் வாலும் கொம்பும் வைத்த சாத்தான். அதை வரைந்தவர் பாவம், நல்ல மனுஷர். கெடுதல் செய்கிறவனை வாலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பியிருக்கிறார். எனக்குக் கெடுதல் செய்தவருக்கு வால் கிடையாது. போகும்போதெல்லாம் டபராவில் காபி தருவார்.

என் பெயர் ஹெப்சிபா. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குக் கோபம் வரும், அதனால் அதை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவில் நிற்பேன். சனிக்கிழமை பேய் வரைவேன். எங்கள் குருவானவரின் மனைவி இதைப் பற்றி ஜாடையாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பேய்க்கதைகளை எழுதியவர் சுந்தர்ராமன். கல்லிடைக்குறிச்சிக்காரர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்று, டவுணில் ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மனைவி சுப்புலக்ஷ்மியுடன் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னை 'டீச்சர்' என்பார். அறுபத்துநாலு பக்கப் புத்தகங்கள், பஸ் ஸ்டாண்டு கடைகளில் வாழைப்பழச் சிப்ஸுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்குமே, அவைதான். அட்டைக்கு ஒரு படம், உள்ளே நாலு படம் என்று நாற்பத்தொரு புத்தகம் நாங்கள் சேர்ந்து செய்தோம். வேலை அதிகமானால் நான் முணுமுணுப்பேன். "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும் டீச்சர்" என்று சிரிப்பார்.

முகம் வரையாத பழக்கம் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. ஒரு சுடலைமாடன் கதைக்காக, மண் சிலை செய்கிற இடத்தைப் பார்க்க முக்கூடல் பக்கம் போனோம். தகரக் கொட்டகையில் ஆள் உயரச் சிலைகள் வரிசையாக நின்றன. மீசை, அரிவாள், தண்டை எல்லாம் வைத்து வர்ணமும் அடித்தாகிவிட்டது. கண் மட்டும் இல்லை, வெறும் மேடு. ஏன் என்று கேட்டேன். அங்கே மண் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிராமலே பதில் சொன்னார்.

"கண்ண கோயில் கொடை அன்னிக்குத்தான் தெறப்போம். அதுவரைக்கும் அது மண்ணு, எங்கன வேணும்னாலும் வைக்கலாம். தெறந்துட்டா அது இன்னாருன்னு ஆயிரும்லா. அப்புறம் நீங்க பொறுப்பு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சார் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பொறுப்பு என்றாரே, பார்த்தீர்களா, என்று. அந்த வாசகத்தை அப்படியே அடுத்த கதையில் எழுதினார். அன்றிலிருந்து நம் பேய்களுக்குக் கண் கிடையாது என்று முடிவு செய்தோம்.

அந்த முக்கூடலில்தான் அடுத்த வருடம் என் அக்கா போனாள்.

அக்கா பெயர் டெபோரா. ஒரு கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் எல்லாருமாக ஆற்றில் குளித்தார்கள். தாமிரபரணி அந்த இடத்தில் முழங்கால் அளவுதான். ஆனால் மணல் அள்ளிய பள்ளம் ஒன்று அடியில் இருந்தது. மறுநாள் சாயங்காலம்தான் கிடைத்தாள். அத்தான் ஜெனோ மண்ணில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் முன்னமே போய்விட்டார்கள். அடையாளம் சொல்ல நான்தான் போனேன். கண் திறந்திருந்தது. என் கையால்தான் மூடினேன். பெட்டியை அங்கேயே மூடச் சொல்லிவிட்டேன். அடக்கத்துக்கு வந்தவர்கள் கடைசியாக ஒரு தடவை முகத்தைக் காட்டக் கூடாதா என்று என்னை ஏசினார்கள். ஏசட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டாரில் அந்த முகத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

அக்காவின் மகள் ப்ரீதாவுக்கு அப்போது இரண்டு வயது. ஒன்றரை வருடத்தில் அத்தான் வேறு கல்யாணம் செய்துகொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை, அதாவது வாயால் சொல்லவில்லை. ப்ரீதா என்னிடமே வளர்ந்தாள். நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே இப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடக் கேட்டுக்கு உள்ளே நான் 'மிஸ்', வெளியே 'சித்தி' என்பது நான் போட்ட சட்டம். மற்ற பிள்ளைகள் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்று போட்டது. கேட்டைத் தாண்டிய மறுநொடியே, வரிசையை விட்டு விலகுவதற்கு முன்னாலேயே, "சித்தி, பசிக்கி" என்பாள்.

அவளுக்கு அம்மா என்றால் சுவரில் இருக்கிற கல்யாணப் படம்தான். அக்கா அதில் தலையைக் கொஞ்சம் சாய்த்து, மேலுதடு ஒரு பக்கம் ஏறிய மாதிரிச் சிரிப்பாள். அந்தப் படத்தை வைத்து நான் ப்ரீதாவுக்கு ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அக்காவை ஒரு வயது கூட்டி வரைந்து கொடுப்பேன். இந்த வருடம் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி வந்திருக்கும், இந்த வருடம் காதோரம் ஒரு நரை விழுந்திருக்கும் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்வோம். அப்படிப் பத்துப் படம் ஒரு ஃபைலில் அவள் பெட்டிக்குள் இருந்தன. செத்தவளை உயிரோடு வரைவதும் பேய் வரைவதுதான் என்று யாராவது சொல்லலாம். சொன்னால் சண்டைக்குப் போவேன்.

இனி ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா போய் மூன்று மாதம் என்னால் எதையும் வரைய முடியவில்லை. கரும்பலகையில் மாம்பழம் போட்டால்கூட மாம்பழத்துக்குள் அந்த முகம் வந்தது. ஆற்றில் கிடைத்த முகம். ஒரு சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, வா, வந்து தொலை என்று அதை முழுசாக வரைந்து முடித்தேன். நெற்றியில் ஒட்டிய ஈர முடி, ஊதிய கன்னம், காதுக்குப் பின்னால் சிக்கியிருந்த பாசி, அந்த மேலுதடு. கண்ணை மூடித்தான் வரைந்தேன், நான் மூடிவிட்ட கண் அல்லவா. அதன்பிறகு அது வரவில்லை, தாளோடு நின்றுவிட்டது. ஆனால் தாளை என்ன செய்வது? கிழிக்கக் கை வரவில்லை. வீட்டில் வைத்தால் என்றைக்காவது பிள்ளை எடுத்துவிடுவாள்.

சுந்தர்ராமன் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உலகத்திலேயே அதைக் கொடுக்க எனக்கு இருந்த ஒரே ஆள். அவர் அதை வாங்கிப் பார்த்தார். கண் கலங்கியது. "எம் பீரோவுல இருக்கட்டும் டீச்சர். நீங்க கேக்கற வரைக்கும் நான் தொட மாட்டேன்" என்றார். சுப்புலக்ஷ்மி மாமி ஒரு மஞ்சள் துணி கொண்டுவந்து சுற்றிக் கொடுத்தார். தண்ணீரில் போனவளின் படத்தை அந்த வீட்டு பீரோவில், வேட்டி புடவைக்கு நடுவே, ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் வாங்கி வைத்தார்கள். அன்று எனக்கு அவர்கள்மேல் வந்த மரியாதை கோயிலில் இருக்கிற பலர்மேல் வந்ததில்லை. பதினோரு வருடம் அந்த மரியாதையோடுதான் அந்த வீட்டுக் காபியைக் குடித்தேன்.

போன மாதம் பாளையங்கோட்டையில் புத்தகக் கண்காட்சி போட்டார்கள். பள்ளியிலிருந்து இரண்டு பஸ்ஸில் பிள்ளைகளை அழைத்துப் போனோம். எட்டாம் வகுப்பு முதல் பஸ்ஸில், நான் இரண்டாவதில். சாரின் பேய்க்கதைகளைச் சென்னையில் ஒரு பதிப்பகத்தார் தொகுத்துப் பெரிய புத்தகமாகக் கொண்டுவருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பழைய படங்களில் ஒன்றை அட்டைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம் என்று அவர் சொல்லியிருந்தார். எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. முதுகு திரும்பிய ஏதோ ஒரு பேய் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு கடை முன்னால் எங்கள் பள்ளி ரிப்பன்களாகக் கூடியிருந்தது. கடை வாசலில் பத்தடி உயரத்துக்கு ஒரு பேனர். அதில் அக்கா இருந்தாள்.

முதலில் எனக்கு அக்காதான் தெரிந்தாள். நெற்றியில் ஒட்டிய அதே முடி. அதே பாசி, பச்சை நிறம் கொடுத்திருந்தார்கள். அதே மேலுதடு. கன்னத்தின் ஊதலை மட்டும் ஒடுக்கியிருந்தார்கள். அப்புறம்தான் கண்ணைப் பார்த்தேன். திறந்திருந்தது. அது அக்காவின் கண் இல்லை. கொஞ்சம் பெரிய, ஓரத்தில் சரிந்த கண். அந்தக் கண் வந்ததும் முகமே வேறு ஆளுடையது ஆகிவிட்டது. கீழே தடித்த எழுத்தில், ஓவியம்: ஹெப்சிபா என்று போட்டிருந்தது.

"மிஸ், ப்ரீதாவ வரைஞ்சிருக்கீங்களா மிஸ்?" என்று ஸ்னேகா என்ற பிள்ளை கையைப் பிடித்தாள். "அப்படியே அவதான் மிஸ். ஏட்டி ப்ரீதா, அதுக்குப் பக்கத்துல நில்லு, மிஸ் பாக்கட்டும்."

ப்ரீதா பேனருக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் சிரிக்கும்போது நாமும் சிரிக்காவிட்டால் மோசமாகிவிடும் என்று ஒரு சிரிப்பு உண்டே, அதைச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அது நின்றது.

கடைக்காரர் அசன் மைதீன் எனக்குப் பழக்கம். "வாங்க டீச்சர், உங்க படத்துக்குத்தான் காலைல இருந்து கூட்டம். சின்னப் பிள்ளைங்க பயந்து அழுவுது, அம்மாமாரு வாங்கிட்டுப் போறாங்க" என்றார் சந்தோஷமாக. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த பேனரைக் கழற்றச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஏன் என்று அவர் கேட்பார். முப்பது பிள்ளைகள் முன்னால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

"மிஸ், இது நீங்க வரைஞ்சதா?" என்று ப்ரீதா கேட்டாள். பைய, பாடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்" என்றேன்.

திரும்பும்போது நானும் எட்டாம் வகுப்பு பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பின் இருக்கையில் இருந்து யாரோ பேய்க்குரல் கொடுத்தார்கள், எல்லாரும் சிரித்தார்கள். நான் அதட்டினேன். அதட்டியதும் இன்னும் சிரித்தார்கள். வீட்டில் அவளை இறக்கி, சாவியைக் கொடுத்துவிட்டு, சாப்பிடு, இதோ வந்துவிடுகிறேன் என்று டவுண் பஸ் ஏறினேன்.

சார் வாசலிலேயே நின்றிருந்தார். சட்டை புதுசு. "வாங்கோ வாங்கோ டீச்சர். பாத்தேளா?"

உள்ளே மேசையில் பத்துப் புத்தகம் அடுக்கியிருந்தது. பத்து அக்கா. நான் உட்காரவில்லை.

"பீரோவுல வச்சிருந்தீங்களே சார், ஒரு பொட்டலம். அது எங்க?"

அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "அது பத்திரமா இருக்கு டீச்சர். ஸ்கேன் பண்ணிட்டு அப்படியே திருப்பி வெச்சுட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நேர்மை இருந்தது. கடன் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தந்துவிட்டேனே என்கிற மாதிரி. நான் மேலே இருந்த புத்தகத்தை எடுத்து அட்டை தெரியாமல் கவிழ்த்து வைத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா சார்?"

"கேட்டா தர மாட்டேள்னு தெரியும் டீச்சர். அதனாலதான் கேக்கலை."

இவ்வளவு பச்சையாக உண்மையைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரே தொடர்ந்தார். "முகம் இல்லாத பேயெல்லாம் பழசாயிடுத்து, முகம் வேணும்னு சென்னைல பிடிவாதமா இருந்தா. நீங்க முகம் வரைய மாட்டேள். எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். பதினோரு வருஷமா அதை நெனைச்சுண்டிருக்கேன். நாம சேந்து பண்ணின நாப்பத்தொண்ணுலயும் இல்லாத ஒண்ணு அதுல இருக்கு. நீங்க வரைஞ்சதுலயே ஒசத்தி அதுதான் டீச்சர், நான் பொய் சொல்லலை."

"அது படம் இல்ல சார். அது எங்க அக்கா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை.

"கண்ணு ஏது? நான் மூடித்தான வரைஞ்சேன்?"

காபி கொண்டுவந்து மேசையில் வைத்த மாமி, "சொல்லிடுங்கோ" என்றார்.

"மூடிண்டிருந்தா தூங்கற மாதிரி இருக்குன்னா. தெறக்கணும், மாதிரிக்கு ஃபோட்டோ ஏதாவது குடுங்கோன்னு கேட்டா." குரல் இறங்கிவிட்டது. "பொங்கலுக்குக் கொழந்தை இங்க வந்தப்போ எடுத்த ஃபோட்டோ ஒண்ணு இருந்தது. அம்மாவோட கண்ணுதானே பொண்ணுக்கும் இருக்கும்னு..."

அந்தப் பொங்கலுக்கு ப்ரீதாவுக்கு மாமி பாவாடைத் துணி எடுத்துக் கொடுத்திருந்தார். சார்தான் ஜன்னல் வெளிச்சத்தில் அவளை நிறுத்தி, இங்கே பாரும்மா, கண்ணை நல்லாத் திற என்று படம் எடுத்தார். நான் பக்கத்தில் நின்று அவள் ரிப்பனைச் சரி செய்தேன். வேலியே பயிரை மேய்கிறது என்பார்கள். இங்கே வேலியைப் பிடித்துக்கொண்டு நானே கூட நின்றிருக்கிறேன்.

"கண்ணத் தெறந்துட்டா இன்னாருன்னு ஆயிரும்னு அந்த மனுஷன் சொன்னது ஞாபகம் இருக்கா சார்? கதையில எழுதினீங்களே. அப்புறம் நீங்க பொறுப்புன்னு. ப்ரீதா கூடப் படிக்கிற பிள்ளைங்க அவள அந்தப் படத்துக்குப் பக்கத்துல நிக்க வச்சிச் சிரிக்குதுங்க. நான் அவளப் பேயா வரைஞ்சிட்டேன்னு நெனைக்கா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு அறுபத்தாறு வயசு டீச்சர். நாப்பத்தொரு புஸ்தகத்துல ஒண்ணுகூட பஸ்ஸை விட்டு எறங்கினதில்லை. படிச்சுட்டு சீட்லயே போட்டுட்டுப் போயிடுவா. கடைசியா ஒண்ணாவது யாராத்துக்குள்ளயாவது போகட்டும்னு ஆசைப்பட்டுட்டேன்."

புரிந்தது. எனக்கா புரியாது? அந்த சீட்டில் கிடந்ததெல்லாம் என் படமும்தானே. ஆனால் புரிந்ததால் கோபம் ஒரு சொட்டுக் குறையவில்லை. அந்நியன் செய்திருந்தால் திருட்டு என்று சொல்லிவிட்டுப் போகலாம். இவர் என் அக்காவுக்காகக் கண் கலங்கியவர். அன்று கலங்கிய கண் பொய்யில்லை என்பதுதான் என்னைக் கொன்றது.

"நான் ஒண்ணு பண்றேன்" என்றார் அவர். "நானே ஒங்காத்துக்கு வந்து கொழந்தை கிட்டப் பேசறேன். அது நீ இல்லைம்மா, ஒங்கம்மா, தண்ணிலேர்ந்து எடுத்தப்போ சித்தி பாத்து வரைஞ்சதுன்னு எடுத்துச் சொல்றேன். ஒங்கமேல தப்பில்லைன்னு புரிஞ்சுப்பா."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அது ப்ரீதா இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் அது யார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் சுவரில் சிரிக்கிற அம்மா போய்விடுவாள். பத்து வருடமாக நான் வயது கூட்டிக் கூட்டி வரைந்த அம்மா போய்விடுவாள். பேனரில் இருக்கிறவள்தான் மிஞ்சுவாள். எந்த முகத்தைக் காட்டக் கூடாது என்று பெட்டியை மூடினேனோ, அதை நானே திறந்து காட்ட வேண்டும்.

"நீங்க ஒரு வார்த்த பேசப்படாது" என்றேன். "அவகிட்ட இல்ல, யார்கிட்டயும். இதையாவது காப்பாத்துங்க."

மாமி உள்ளே போய் மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "ஆடி அமாவாசைக்கு இதுக்கும் ரெண்டு பூ வெப்பேன்" என்றார். "இவர் எடுத்துண்டு போனப்போ நான் ஊர்ல இல்லைடி அம்மா." முதல் தடவையாக என்னை 'டி' போட்டார். அழுதுவிடுவேன் என்று பயந்து, பொட்டலத்தைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். காபி ஆறிப்போய் மேசையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வரும்போது மணி ஆறரை. ப்ரீதா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து கைப்பையை மேசைமேல் வைத்தேன்.

"ஏன் சித்தி என்னப் பேயா வரைஞ்சீங்க?"

பஸ்ஸில் வரும்போது பத்துப் பதில் யோசித்து வைத்திருந்தேன். கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"நாளைக்கு நான் ஸ்கூலுக்கு எப்படிப் போவேன்? எல்லாரும் பேய் பேய்ங்காங்க. ஸ்னேகாகூடச் சொல்லுதா." அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். அவள் புத்திசாலி, அதுதான் கஷ்டம். நிமிர்ந்து கேட்டாள். "அது நானா, இல்ல அம்மாவா?"

நான் கைப்பைமேல் கையை வைத்துக்கொண்டேன்.

"ஒதடு என் ஒதடு மாதிரி இல்ல. அம்மா ஒதடு மாதிரி இருக்கு" என்றாள். "அம்மான்னா சொல்லுங்க சித்தி. நான் கோவிக்க மாட்டேன்."

சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். கல்யாணப் படத்தில் அக்கா தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ப்ரீதா அந்த உதட்டைப் பார்த்தாள். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் அங்கே பாசியும் ஈர முடியும் அவளே பார்த்துவிடுவாள். கைப்பைக்கும் அவள் கைக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்தான். திறந்து காட்டினால் போதும். பாரு, சித்தி செய்யவில்லை, சித்தியும் உன்னைப் போல ஏமாந்தவள்தான் என்று அவளைக் கட்டிக்கொண்டு அழலாம். எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"அம்மா இல்ல" என்றேன். "நீதான்."

"நானா?"

"நீதான். பொங்கலுக்கு எடுத்த படத்தப் பாத்து வரைஞ்சேன்."

பாதிக்குப் பாதி உண்மை. அதனால்தான் என் குரல் நடுங்கவில்லை போலிருக்கிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கவே இல்லியே."

"கேட்டா நீ வேண்டாம்னுருப்ப. அதான் கேக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று எனக்குத் தெரிந்தது. டவுணில் இருந்து அதையும் பைக்குள் போட்டு எடுத்துவந்திருக்கிறேன். அந்த நிமிஷம் நான் சுந்தர்ராமனை வெறுத்த மாதிரி என் ஆயுசில் யாரையும் வெறுத்ததில்லை.

ப்ரீதா எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. அந்த ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பத்துப் பிறந்த நாள், பத்து அம்மா.

"இதெல்லாமும் இப்படித்தானா? வேற யாரையாச்சும் பாத்து வரைஞ்சதா?"

"இல்லட்டி. அது அம்மாதான். சத்தியமா அம்மாதான்."

அவள் என்னை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. கணக்குக்கு விடை சரியா என்று பின்பக்கம் புரட்டிப் பார்க்க முடியாதபோது பிள்ளைகள் ஒரு பார்வை பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். ஃபைலைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மேசையிலேயே விட்டுவிட்டு, முகம் கழுவப் போனாள்.

நான் மஞ்சள் பொட்டலத்தை எடுத்து என் துணிகளுக்கு அடியில், கையெட்டாத தட்டில் வைத்துப் பூட்டினேன். அடுப்பைப் பற்ற வைத்துத் தோசை ஊற்றினேன். முறுகலாக, அவளுக்குப் பிடித்த மாதிரி, ஓரம் சிவக்க ஊற்றினேன்.

"ப்ரீதா, ஆறிப் போகுது. வா" என்று கூப்பிட்டேன்.

பள்ளிக்கூடக் கேட்டிலிருந்து எங்கள் வீடு இரண்டு கிலோமீட்டர். எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் அந்தச் சட்டத்தைக் கேட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்ததில்லை.

"வாரேன் மிஸ்" என்றாள்.